ஒரு கண் தெரிந்தால் போதும், பிள்ளை புகார் சொல்லாது

விருதுநகர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நீண்ட கடிதம். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

மகளுக்கு 7 வயது, இரண்டாம் வகுப்பு. பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு, "வலது கண்ணை டாக்டரிடம் காட்டுங்கள்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தது. முதலில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போயிருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் பார்த்து வலது கண்ணுக்கு +1.5 என்று கண்ணாடி போட்டுக் கொடுத்தார்கள். போட்டும் தெளிவு வரவில்லை. அப்புறம் ஒரு கண் மருத்துவரிடம் போனபோது, அவர் சொட்டு மருந்து விட்டுப் பார்த்து வலது கண் +5, இடது கண் +1 என்றார். கண்ணாடி போட்டாலும் வலது கண்ணின் பார்வை இப்போதைக்கு 6/36 தான், இது சோம்பேறிக் கண், தூங்கும் நேரம் தவிர கண்ணாடியைக் கழற்றக் கூடாது, 2 மாதம் கழித்து வாருங்கள், அப்போதும் போதுமான அளவு தேறவில்லை என்றால் நல்ல கண்ணை தினமும் 6 மணி நேரம் பேட்ச் ஒட்டி மறைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.

வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. "18 வயதில் லேசர் வைத்துக்கொள்ளலாம், இப்போது எதற்கு?" என்கிறார் கணவர். "பொம்பளைப் பிள்ளைக்குக் கண்ணாடியா? நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டாமா? கேரட்டும் பொன்னாங்கண்ணியும் கொடு, தானா சரியாகும்" என்கிறார் மாமியார். கணவர் அத்தை மகன் என்பதால், சொந்தத்தில் கட்டியதுதான் காரணமோ என்ற உறுத்தல் வேறு. கடிதத்தில் என்னை நிறுத்திய வரிகள் இவை: "அவள் ஒரு நாள்கூடக் கண் தெரியவில்லை என்று சொன்னதில்லை. பாட்டிக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பதே அவள்தான். பிறகு எப்படி டாக்டர்?" கடைசியாக ஒரு கேள்வி: 3 வயதுத் தம்பிக்கும் இப்போதே பார்க்க வேண்டுமா, பள்ளிக்கூடம் போகட்டுமா?

உங்கள் கடைசிக் கேள்விக்கு மட்டும் முதலிலேயே ஒரு வார்த்தையில் பதில்: இப்போதே. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அவள் ஏன் சொல்லவில்லை?

ஊசியில் நூல் கோக்க ஒரு கண் போதும் அம்மா. டிவி பார்க்க, கரும்பலகை படிக்க, ஓடியாட, கோலத்துக்குப் புள்ளி வைக்க எல்லாவற்றுக்கும் ஒரு நல்ல கண் போதும். உங்கள் மகளின் இடது கண் நன்றாக இருக்கிறது. அது எல்லா வேலையையும் செய்துவிடுவதால், வலது கண்ணில் மங்கலாகத் தெரிவதே அவளுக்குத் தெரியாது. பிறந்ததிலிருந்து அப்படித்தான். ஒப்பிட்டுப் பார்க்க வேறொன்றை அவள் கண்டதில்லை. உங்கள் மேலும் தவறில்லை, அவள் மேலும் தவறில்லை. இரண்டு கண்ணும் மங்கினால் பிள்ளை தடுக்கி விழும், டிவி முன்னால் போய் உட்காரும், நீங்களும் கண்டுபிடித்துவிடுவீர்கள். ஒரு கண் மட்டும் மங்கினால் வெளியே எந்த அடையாளமும் இருக்காது. "பிள்ளை ஒன்றும் சொல்லவில்லையே" என்று காத்திருக்கும் பெற்றோர் ஏமாந்துபோவது இங்கேதான்.

6/36 என்றால் என்ன என்று கேட்டிருந்தீர்கள். சாதாரணக் கண் 36 மீட்டர் தூரத்தில் படிக்கும் எழுத்தை, இந்தக் கண் 6 மீட்டர் தூரத்துக்குக் கிட்ட வந்தால்தான் படிக்கும்.

கண்ணாடி போட்ட பிறகும் ஏன் தெளியவில்லை என்பதுதான் பெற்றோருக்குப் புரியாத இடம். வகுப்பில் ஒரு பையன் கேட்டதும் பதில் சொல்கிறான், பக்கத்திலிருப்பவன் முணுமுணுக்கிறான் என்றால் வாத்தியார் நாளடைவில் முதல் பையனையே கேட்பார். மூளையும் அப்படித்தான், தெளிவான படம் தரும் கண்ணை வைத்துக்கொண்டு, மங்கல் படம் தரும் கண்ணை ஒதுக்கிவிடுகிறது. சோம்பேறிக் கண் என்பது இதுதான். டேவிட் ஹூபெல், டார்ஸ்டன் வீசல் என்ற இருவர் பூனைக்குட்டியின் ஒரு கண் இமையைக் குட்டிப் பருவத்தில் மூடித் தைத்து, பிறகு திறந்து பார்த்தார்கள். கண் கெடவில்லை. ஆனால் அந்தக் கண்ணிலிருந்து வரும் சேதியை மூளை ஏற்கவில்லை. வளர்ந்த பூனைக்கு அதையே செய்தபோது பாதிப்பில்லை. 1981இல் அவர்களுக்குக் கிடைத்த நோபல் பரிசுக்குப் பின்னால் இந்த வேலையும் உண்டு. பிள்ளைகளுக்கு நாங்கள் வயதைச் சொல்லி அவசரப்படுத்துவதற்குக் காரணம் இதுதான். பார்வையைக் கற்றுக்கொள்ள மூளைக்கு ஒரு பருவம் இருக்கிறது. நூற்றுக்கு இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு இந்தக் குறை இருக்கிறது, அபூர்வ நோய் ஒன்றும் இல்லை.

7 வயது தாமதமா? 3 வயதில் தெரிந்திருந்தால் வேலை இன்னும் சுலபம், அதை மறைக்க விரும்பவில்லை. 7 வயதுக்குள் ஆரம்பித்தால் பலன் அதிகம். அதற்காகக் கதவு அடைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அமெரிக்காவில் 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளை வைத்துச் செய்து 2005இல் வெளியான பெரிய ஆய்வில், கண்ணாடியோடு பேட்ச்சும் சொட்டு மருந்தும் சேர்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பார்வைப் பலகையில் இரண்டு வரியோ அதற்கு மேலோ முன்னேற்றம் வந்தது. கண்ணாடி மட்டும் போட்டவர்களில் கால்வாசிப் பேருக்கு வந்தது. உங்கள் மகள் அந்த வயது வரிசையின் தொடக்கத்தில் நிற்கிறாள். இந்த வருடத்தை வீட்டுச் சண்டையில் கழித்துவிடாதீர்கள்.

+1.5 சரியா, +5 சரியா?

டாக்டர் சொன்னதுதான் சரி. கடைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்ல வரவில்லை. பிள்ளைகளின் கண் லென்ஸுக்கு வளைந்து கொடுக்கும் சக்தி மிக அதிகம். மெஷினுக்குள் பலூன் படத்தைப் பார்க்கச் சொன்னதும் கண் தானாக இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இருக்கிற தூரப்பார்வைப் பவரில் (சீட்டில் + போட்டு எழுதுவது) பெரும் பகுதியை ஒளித்துவிடும். சொட்டு மருந்து அந்த இறுக்கத்தைத் தளர்த்துகிறது. அதற்குப் பிறகு பார்ப்பதுதான் உண்மையான பவர். பிள்ளைக்கு முதல் முறை கண்ணாடி எழுதும்போது சொட்டு மருந்து விடாமல் எழுதினால் அந்தச் சீட்டை நம்பாதீர்கள், யார் எழுதியிருந்தாலும்.

மருந்து விட்ட பிறகு கண் கூசும், கிட்டத்தில் இருப்பது மங்கும். எந்த மருந்து என்பதைப் பொறுத்து ஒரு நாளிலோ இரண்டு மூன்று நாளிலோ சரியாகும். அட்ரோபின் என்றால் ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். முகம் சிவந்து உடம்பு சுட்டால் அடுத்த சொட்டை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள்.

"2 மாதத்தில் மறுபடி வரச் சொல்வது பணம் பிடுங்கவா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. சரியான கண்ணாடியை நாள் முழுக்கப் போட்டாலே சில பிள்ளைகளுக்குப் பார்வை மெல்ல ஏறும், பேட்ச்சே தேவைப்படாமலும் போகும். அது தெரிய அத்தனை வாரம் ஆகும். உங்கள் டாக்டர் நிதானமாகத்தான் போகிறார். ஒன்று மட்டும்: பவரையும் ஒவ்வொரு கண்ணின் பார்வை அளவையும் சீட்டில் எழுதி வாங்குங்கள். கேட்டால் தர வேண்டும், அது உங்கள் உரிமை. கண்ணாடியை மருத்துவமனைக் கடையிலேயே வாங்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. எங்கே செய்தாலும், வாங்கிய பிறகு டாக்டரிடம் காட்டிப் பவர் சரியாக இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வேறொரு டாக்டரிடம் ஒரு முறை கேட்க நினைத்தாலும் தாராளமாகக் கேளுங்கள். உங்களுக்கு மதுரை தூரமில்லை. அரசு ராஜாஜி மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது. 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. செலவு கவலை என்றால், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் கண்ணாடித் திட்டம் இருப்பதைத் தலைமை ஆசிரியரிடம் விசாரியுங்கள்.

கண்ணாடியும் பேட்ச்சும் போடும் விதம்

கண்ணாடி வாங்கும்போது பாலிகார்பனேட் லென்ஸ் கேளுங்கள். கொஞ்சம் விலை கூடுதல், இருந்தாலும் இந்த விஷயத்தில் சிக்கனம் வேண்டாம் என்பேன். அவளிடம் இருப்பது ஒரே ஒரு நல்ல கண். ஈர்க்குச்சி வில், ஜியாமெட்ரி பாக்ஸ் காம்பஸ், தீபாவளிப் பட்டாசு என்று பிள்ளைகளின் கண்ணுக்கு வரும் ஆபத்து ஏராளம். இந்த லென்ஸ் சுலபத்தில் உடையாது. முதல் வாரம் மூக்கில் இறக்கிவிட்டு மேலாகப் பார்ப்பாள். காதுக்குப் பின்னால் கட்டும் பட்டை போட்டால் நிற்கும்.

பேட்ச் தேவைப்பட்டால் அதைத் தோலில் ஒட்ட வேண்டும், கண்ணாடி மேல் இல்லை. கண்ணாடி மேல் ஒட்டினால் ஓரமாக எட்டிப் பார்த்துவிடுவார்கள். இந்த விஷயத்தில் பிள்ளைகள் பெரிய கெட்டிக்காரர்கள்! ஒட்டிய பேட்ச்சுக்கு மேல் வழக்கமான கண்ணாடி. கழற்றும்போது தேங்காய் எண்ணெய் தொட்டு மெதுவாக எடுத்தால் தோல் எரியாது. வெறுமனே உட்கார வைக்காதீர்கள். படம் வரைவது, பாசி கோப்பது, பல்லாங்குழி, கதைப் புத்தகம் என்று கண்ணுக்கு வேலை வைக்கும் எதுவும் சரி. முதல் சில நாள் அழுவாள், பிய்த்து எறிவாள். மங்கலான கண்ணோடு விட்டால் யாருக்கும் எரிச்சல்தான் வரும். அவள் பிடிவாதக்காரி என்று நினைக்காதீர்கள்.

6 மணி நேரம் அதிகமா? மிதமான குறைக்குத் தினம் 2 மணி நேரமே 6 மணி நேரத்துக்கு இணையான பலன் தந்தது என்று 2003இல் ஒரு ஆய்வு காட்டியது. 6/36 அதைவிடக் கடுமையான வரிசை, அங்கே 6 மணி நேரம் நாள் முழுக்கப் போடுவதற்குச் சமமாக வேலை செய்தது. ஆகவே டாக்டர் சொன்னது நியாயமான அளவு. ஆனால் பள்ளி விட்டு வந்து போட்டால் தூங்கும்வரை 4 மணி நேரம்தானே தேறும்? அதை டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். சீட்டில் 6 இருந்து வீட்டில் 1 போடுவதைவிட, முடிகிற 4ஐ ஒழுங்காகப் போடுவது எவ்வளவோ மேல். பேட்ச் ஒத்தே வராத பிள்ளைகளுக்கு நல்ல கண்ணில் அட்ரோபின் சொட்டு விட்டு அதை மங்கலாக்கும் வழியும் இருக்கிறது.

நல்ல கண் கெட்டுவிடுமா என்ற பயம் உங்களுக்கு. சொன்ன தேதியில் காட்டிக்கொண்டே இருந்தால் அப்படி ஆவது அரிது, இலேசாகக் குறைந்தாலும் பேட்ச்சை நிறுத்தினால் பெரும்பாலும் மீண்டுவிடும். ஆபத்து, பேட்ச்சை ஒட்டிவிட்டு டாக்டர் பக்கமே போகாமல் இருப்பதில்தான். இன்னொன்று, பார்வை ஏறி பேட்ச்சை நிறுத்திய பிறகு முதல் வருடத்தில் நாலில் ஒரு பிள்ளைக்கு மறுபடி கொஞ்சம் இறங்குகிறது. "சரியாகிவிட்டது" என்று பரிசோதனையை விட்டுவிடாதீர்கள்.

வீட்டில் சொல்வதற்கு

உங்கள் கணவரிடம்: லேசர் கருவிழியின் வளைவைத்தான் மாற்றும். பவர் போகும், பார்வை வராது. 18 வயதில் பவரைப் பூஜ்யமாக்கினாலும், அதுவரை ஒதுக்கப்பட்ட கண் 6/36லேயே நிற்கும். அப்புறம் காவல்துறை, ராணுவம், ரயில் ஓட்டுநர் போன்ற வேலைகளுக்குப் போனால் ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாகப் பார்ப்பார்கள். அந்தக் கதவுகளை அவளுக்குத் திறந்து வைக்க வேண்டிய வயது இது. கண்ணாடி பிடிக்கவில்லை என்றால் வளர்ந்த பிறகு கான்டாக்ட் லென்ஸோ லேசரோ அவளே முடிவு செய்யட்டும்.

உங்கள் அத்தையிடம் கொஞ்சம் பக்குவமாகப் பேச வேண்டியிருக்கும். கீரை, கேரட் நல்லவைதான், விடாமல் கொடுக்கட்டும். வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும், அதைத் தடுக்கத்தான் 9 மாதம் முதல் 5 வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை சிரப் கொடுக்கிறார்கள். ஆனால் உங்கள் மகளின் குறை சத்தில் இல்லை, கண்ணின் நீளத்தில் இருக்கிறது. கண் உருண்டை ஒரு மில்லிமீட்டர் குட்டையாக இருந்தாலே ஏறக்குறைய 3 பவர் வந்துவிடும். கீரையால் கண்ணை நீட்ட முடியாது. "கண்ணாடி போட்டால் கண் அதற்கே பழகி மேலும் கெடும்" என்பதும் அப்படியே. இவளுக்கு இருப்பது தூரப்பார்வை, வளர வளரக் கொஞ்சம் குறையவும் வாய்ப்புண்டு. கிட்டப்பார்வைப் பிள்ளைகளுக்குப் பவர் ஏறுவது கண் வளர்வதால். மலேசியாவில் வேண்டுமென்றே பவரைக் குறைத்துக் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள், அந்தப் பிள்ளைகளுக்குத்தான் கிட்டப்பார்வை இன்னும் வேகமாக ஏறியது என்று 2002இல் எழுதினார்கள்.

கல்யாணப் பேச்சுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. 7 வயதுப் பிள்ளை.

சொந்தத்தில் கட்டியதால்தானா? உங்கள் மகளுக்கு வந்தது எந்தக் குடும்பத்திலும் வரக்கூடியது, சொந்தம் இல்லாமல் வெளியே கட்டினாலும் வரும். அந்த உறுத்தலை இறக்கி வையுங்கள். ஆனால் விழித்திரை தேய்வு போன்ற சில பரம்பரை நோய்கள் நெருங்கிய சொந்தத்தில் கட்டிய குடும்பங்களில் கூடுதலாக வருகின்றன என்பது உண்மை. அதனால் உங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் விழித்திரையையும் பார்த்துவிடுவது நல்லது.

தம்பிக்கு ஏன் இப்போதே?

அக்காவுக்கு அதிகப் பவர் இருந்தால் தம்பிக்கும் இருக்க வாய்ப்பு கூடுதல். எழுத்து தெரியாத பிள்ளையை எப்படிப் பார்ப்பது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ரெட்டினாஸ்கோப் என்ற கருவியால் கண்ணுக்குள் ஒளியை அசைத்து, அது திரும்பி வரும் விதத்தை வைத்தே பவரைக் கணக்கிடுவோம், கைக்குழந்தைக்கும் முடியும். 3 வயதுக்காரனுக்குப் படம் பொருத்தும் அட்டை இருக்கிறது, விளையாட்டாகவே முடிந்துவிடும். பொதுவாக ஒரு வயதுக்குள் ஒரு முறை, 3 வயதில், பள்ளியில் சேர்க்கும்போது, அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரு முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைமாதக் குழந்தைகளின் கணக்கு வேறு. 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்தால் 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும்.

பள்ளிப் பரிசோதனை உங்கள் மகளைக் காப்பாற்றியிருக்கிறது. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி அங்கன்வாடிக்கு வருடத்தில் இரண்டு முறையும் பள்ளிக்கு ஒரு முறையும் குழு வர வேண்டும். வந்தால் பிள்ளையை அன்று லீவு போட விடாதீர்கள். ஆனால் அதில் தேறியதை மட்டும் வைத்து நிம்மதியாகிவிடவும் வேண்டாம். வரிசையில் நிற்கும் பிள்ளைகள் முன்னால் நிற்பவன் படிப்பதைக் கேட்டே பலகையை மனப்பாடம் செய்துவிடுவார்கள். கண்ணை விரலால் மூடச் சொன்னால் விரலிடுக்கில் பார்ப்பார்கள். வீட்டில் நீங்கள் சோதிக்கும்போதும் உங்கள் உள்ளங்கையால் ஒரு கண்ணை மூடி, காலண்டர் தேதியைக் காட்டிக் கேளுங்கள். ஒரு பக்கம் மூடும்போது மட்டும் பிள்ளை கையைத் தட்டிவிட்டால் அது போதுமான சேதி.

நாள் பார்க்காமல் உடனே ஓட வேண்டியது இரண்டுக்கு. கருவிழி நடுவில் வெள்ளையாகத் தெரிந்தாலோ, ஃப்ளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண் மட்டும் வெள்ளையாக மின்னினாலோ அது கண்ணுக்குள் வரும் புற்றுக்கட்டியாகவும் இருக்கலாம். சீக்கிரம் பிடித்தால் உயிரையும் பெரும்பாலும் கண்ணையும் காப்பாற்றலாம். அடுத்தது மாறுகண். 4 மாதத்துக்குப் பிறகும் கண் விலகினால் "அதிர்ஷ்டம்" என்று கொண்டாடாமல் காட்டிவிடுங்கள்.

2 மாதம் முடியக் காத்திருக்காமல் தம்பியை இந்த மாதமே காட்டலாம். மகளுக்குத் தேதி நெருங்கிவிட்டது என்றால் இருவரையும் ஒரே நாளில் கூட்டிப் போங்கள், பஸ் செலவு மிச்சம். பள்ளியில் கொடுத்த சீட்டு, டாக்டர் சீட்டு, கடையில் போட்ட பழைய கண்ணாடி மூன்றும் கையில் இருக்கட்டும். மகள் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் கண்ணாடி போட்டாள் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு போனால் டாக்டருக்கு முடிவெடுக்கச் சுலபம். சொட்டு மருந்து விடுவார்கள், திரும்பி வரும்போது வெயில் கூசும். இரண்டு தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.